இருநூற்றுப் பன்னிரண்டு நடைகள்

ஜூன் 14

தம்பிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. போன் செய்யாதே. கட்டியை எடுக்கத் தொண்டையில் கத்தி வைத்த பிறகு என் குரல் எனக்கே புரிவதில்லை. அதோடு நீ போனில் ‘அக்கா’ என்று இழுத்தால் நான் இளகிவிடுவேன். மெயிலும் வேண்டாம். இங்கே விசாரணை நடக்கிறது, எல்லோருடைய மெயிலையும் படிக்கிறார்கள். தாளில் எழுது.

ஐந்து மாத மருத்துவ விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போனேன். என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கணினியைத் திறந்து என் ‘நடை’ ஃபோல்டருக்குப் போனேன். அப்படி ஒன்று இல்லை என்றது.

மே ஆறாம் தேதி மின்சாரம் போய்ப் போய் வந்ததில் சர்வரின் டிஸ்க் கருகிவிட்டதாம். இருபத்தாறு பேருடைய ஃபோல்டர்களும் அதில்தான் இருந்தன. ஆனால் தினமும் பகல் பன்னிரண்டரைக்கு ஹாலில் இருக்கும் பெரிய மெஷின் எல்லாவற்றையும் தன் சொந்த டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கிறதே, அதிலிருந்து மீட்டுவிட்டார்கள். முட்டியை ஆராய்பவர்களுக்கு முட்டி வந்தது, செயற்கைக் கை செய்பவர்களுக்குக் கை வந்தது. என் ‘நடை’ மட்டும் வரவில்லை. நகலில் என் ஃபோல்டரே கிடையாது.

ஒன்பது வருடம்டா. கால் வளைந்த, கால் சூம்பிய 212 பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் எட்டு மீட்டர் பலகையில் நடக்கவிட்டு, பாதம் எங்கே அழுந்துகிறது, இடுப்பு எவ்வளவு சாய்கிறது என்று அளந்து வைத்தேன். ஏழு வயதில் நடந்த நடையைப் பதினைந்து வயதில் திரும்ப நடந்துகாட்டு என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

போன ஆகஸ்டில் நீதான் வந்து பத்து நாள் உட்கார்ந்து எங்கள் கணினிகளை மாற்றி அமைத்தாய். பிப்ரவரியில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூட்டு சார் என்னைப் பார்க்க வந்தார். எங்கள் கணினி அறை ஆபரேட்டர், ஞாபகம் இருக்கும். எதைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாரே, அவர்தான். “மேடம், உங்க ‘நடை’ பேர்ல ஆயிரக்கணக்கா ‘நீக்கப்பட்டது’ன்னு பதிவாயிருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க தம்பிய ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க” என்றார். உடனே உனக்கு எழுதினேன். நீ எழுதிய பதில் என் முன்னால் இருக்கிறது: ‘பார்த்தேன் அக்கா. எல்லாம் பத்திரம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.’

உன்னிடம் எனக்கு ஒரே கேள்விதான். பார்த்தாயா?

அக்கா

—

ஜூன் 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான்கு தடவை படித்தேன்.

நடந்தது என்ன என்று ஒழுங்காக யோசிக்க வேண்டும். முதலில் உங்கள் பழைய ஏற்பாடு என்ன? சர்வரில் இருக்கும் ஃபோல்டர்கள் அத்தனையையும் ஒவ்வொரு கணினியும் காலையில் எழுந்ததுமே தன்னோடு இணைத்துக்கொள்ளும். சர்வர் கொஞ்சம் சோர்ந்தால் போதும், எல்லாக் கணினியும் அப்படியே உறைந்து நிற்கும். காலையில் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று என்னிடம் புலம்பியது யார்? நீதானே? அதனால்தான் நான் தானியங்கி ஏற்பாட்டைப் போட்டேன். யாராவது தன் ஃபோல்டரைக் கேட்டால் அந்த நொடியில் அது இணையும். பத்து நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தானாகக் கழன்றுகொள்ளும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜனவரி வரைக்கும் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

நகல் எடுக்கும் நிரல் வரியை நான் எழுதவில்லை. அது பூட்டு சார் எழுதியது, எனக்கு முன்னாலேயே இருந்தது. ‘இங்கே இல்லாததை நகலிலிருந்தும் நீக்கு’ என்று அதில் ஒரு கட்டளை இருக்கிறது. நகல் டிஸ்க் நிரம்பிவிடக் கூடாது என்று போட்டிருப்பார். ஆனால் அது கத்தி மாதிரி. அதை ஏன் வைத்தார் என்று அவரைக் கேட்க வேண்டும்.

கருகிய டிஸ்க்கை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். இங்கே செத்த டிஸ்க்கைத் திறந்து படிக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. எனக்கு அனுப்பு. நம்பிக்கையை விடாதே அக்கா.

உடம்பு எப்படி இருக்கிறது? மருந்தை விடாமல் சாப்பிடுகிறாயா?

தம்பி

—

ஜூலை 1

தம்பிக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, கண்ணாடி எப்படிச் செய்கிறார்கள் என்று அப்பாவுக்கு விளக்கினவன்தானே நீ.

பூட்டு சாரைக் கேட்க வேண்டும் என்றாய். உனக்கு முன்னால் இயக்குநரே கேட்டுவிட்டார். வரியை எழுதியவர் அவர், பதிவைத் தினமும் பார்ப்பவர் அவர், ஆகவே அலட்சியம் அவருடையது என்று பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். இரண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற மனுஷனுக்கு அலட்சியம் என்று பட்டம். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, வைத்தது சரியாக இருக்கிறதா என்று திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

டிஸ்க்கைத் துணியில் சுற்றி, பஞ்சு வைத்து, நேற்றே அனுப்பிவிட்டேன். கூரியர்காரர் “உள்ளே என்னங்க?” என்று கேட்டார். பழைய இரும்பு என்று எழுதச் சொன்னேன்.

இன்னொரு விஷயம். நான்கு வயதிலிருந்து என்னிடம் வருகிற ஒரு பெண், இப்போது பதின்மூன்று. இடது கால் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஆகஸ்ட் ஐந்தில் அவளுக்குத் தொடை எலும்பை வெட்டித் திருப்பி வைக்கிற அறுவை. எத்தனை டிகிரி திருப்புவது என்பதைத்தான் அறுவை மருத்துவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தத் திருப்பம் வருடா வருடம் தானாகக் குறைந்து வந்ததா, கூடி வந்ததா என்று தெரிந்தால்தான் எந்த அளவில் நிறுத்துவது என்று அவர் முடிவு செய்ய முடியும். பதினெட்டு அளவுகள் எடுத்திருந்தேன். அவளுடைய அம்மா நேற்று வந்து, “நீங்க இருக்கீங்கன்னு தைரியமா கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம்” என்றாள். கூடியதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் 212 பேரில் ஒருத்தியின் கால் திருப்பத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்து எலும்பை வெட்டச் சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் ஐந்து. அதற்குள் ஏதாவது செய்.

பார்த்தாயா, இல்லையா?

அக்கா

—

ஜூலை 10

அக்கா,

டிஸ்க் வந்து சேர்ந்தது. பட்டறையில் கொடுத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பெண்ணின் விஷயத்தையும் சொல்லி அவசரம் என்றேன். இங்கே வருகிற எல்லோரும் அவசரம் என்றுதான் சொல்கிறார்கள் என்றார் அந்த ஆள்.

இரண்டு பழைய கணினிகளை வைத்து, உங்கள் இடத்தில் நான் போட்ட அதே ஏற்பாட்டை என் அறையில் போட்டுப் பார்த்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பூட்டு சார் பெயரை நான் எழுதியிருக்கவே கூடாது.

எல்லாருடைய ஃபோல்டரும் ‘வேலை’ என்கிற ஒரு பெரிய ஃபோல்டருக்குள் இருக்கிறதல்லவா? பழைய ஏற்பாட்டில் ‘வேலை’யைத் திறந்தால் இருபத்தாறும் வரிசையாகத் தெரியும். என் ஏற்பாட்டில், அந்த நேரத்தில் யாராவது புழங்கிக்கொண்டிருக்கிற ஃபோல்டர் மட்டும்தான் தெரியும். மற்றவை சர்வரில் பத்திரமாகவே இருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் உடனே வரும். கேட்காமல் சும்மா எட்டிப் பார்த்தால் இல்லாத மாதிரி இருக்கும். பூட்டு சாரின் வரி யாரையும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அது ‘வேலை’யை மொத்தமாக எட்டிப் பார்க்கும். அங்கே தெரியாததை நகலிலிருந்து நீக்கும்.

நான் சோதித்தது ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு. நீங்கள் எல்லோரும் உங்கள் மேசையிலிருந்து அந்தப் பெரிய மெஷினுக்குள் நுழைந்துதான் வேலை செய்கிறீர்கள், அன்றைக்கு இருபத்தாறு பேரும் உள்ளே இருந்தீர்கள். இருபத்தாறும் தெரிந்தது, நகலும் சரியாக வந்தது. கை தட்டிக்கூட விட்டீர்கள். அதன் பிறகு யார் ஒரு நாள் லீவு போட்டாலும் அன்றைக்கு அவருடைய நகல் நீக்கப்பட்டிருக்கும். மறுநாள் அவர் வந்ததும் மறுபடி முழுசாக எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து மாதம் வராதவள் நீ ஒருத்திதான்.

இருபத்தாறு பெயரையும் பட்டியலாக எழுதி, எப்போதும் காட்டு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். பட்டியல் எழுதச் சோம்பல்பட்டு நான் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். யார் பெயரைக் கேட்டாலும் கொடு என்று அதற்கு அர்த்தம்.

உன் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

தம்பி

—

ஜூலை 17

தம்பிக்கு,

தபால் பெட்டியை நாளைக்கும் திறப்பார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறது. அப்படியானால் என்னுடைய ஒன்பது வருடத்துக்கு டிஸ்க் எமன் இல்லை. நான் வராததுதான். குழாயைத் தொண்டையில் செருகிக்கொண்டு படுத்திருந்த நாள் முழுக்க, இங்கே தினமும் பன்னிரண்டரைக்கு ஒரு மெஷின் எட்டிப் பார்த்து, இவள் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. கூட வேலை செய்கிற இருபத்தைந்து பேரில் ஒருவருக்கும் என் ஃபோல்டரைத் திறக்கிற தேவை வரவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் வலிக்கிறது.

பூட்டு சார் நேற்று வீட்டுக்கு வந்தார். காரணத்தை அவரிடம் சொன்னேன். நட்சத்திரக் குறி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். “அப்போ நான் எழுதுன வரி சரிதான மேடம்?” என்றார். சரி என்றேன். “அதை நீங்க அங்க சொல்லுங்க மேடம். வீட்ல பசங்க மூஞ்சில முழிக்க முடியல” என்று சொல்லிவிட்டு, போகும்போது என் வீட்டுக் கதவையும் இழுத்துப் பார்த்தார்.

பிப்ரவரி பத்தில் அவர் உன்னைப் பார்க்கச் சொன்னார். சர்வரின் டிஸ்க் மே ஆறு வரை நன்றாக இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதம். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அறுவைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

அக்கா

—

ஜூலை 25

அக்கா,

பார்க்கவில்லை.

இதை எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். இங்கிருந்தே உங்கள் மெஷினுக்குள் நுழைய எனக்கு வழி இருந்தது. ஐந்து நிமிட வேலை. நுழைந்து, நகல் டிஸ்க்கில் ஒரே ஒரு தடவை பட்டியல் போட்டுப் பார்த்திருந்தால் உன் பெயர் இல்லை என்று தெரிந்திருக்கும். அன்றைக்கே சரி செய்திருப்பேன். சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, பார்த்துவிட்டேன் என்று கை கூசாமல் எழுதினேன். நாளைக்குக் காலையில் பார்த்துவிட்டால் அது பொய்யாகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்பாய். உன் ஃபோல்டரைத் திறக்கப் பயமாக இருந்தது. நீ இல்லாமல் போய்விட்டால் இதையெல்லாம் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைக்காமல் இருக்க, உன் சம்பந்தப்பட்ட எதையும் தொடாமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக்கூட ஒரு தடவைதான் வந்தேன், அதுவும் அரை மணி நேரம்.

டிஸ்க்கின் பதில் வந்துவிட்டது. தட்டின் மேலே கீறல் வளையமாக ஓடியிருக்கிறதாம். அதிலிருந்து ஃபோல்டர் பெயர்கள் கிடைத்தன. உன் ‘நடை’யின் கீழே 212 பெயர்களும் வரிசையாக வந்திருக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுடையதைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். பதினெட்டுத் தேதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெறும் பெயர். இரண்டு தடவை முயன்றார்கள். மூன்றாம் தடவை முயன்றால் உங்களை ஏமாற்றுவதாக ஆகும் என்று அந்த ஆள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை உங்கள் இயக்குநருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். மாற்றி அமைத்தது நான், வரி சரியானது, பூட்டு சார் எச்சரித்தும் பார்க்காமல் பொய் சொன்னதும் நான் என்று எல்லாவற்றையும் எழுதினேன். இந்த ஒன்றையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

என்னை மன்னிப்பாயா?

தம்பி

—

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

பயம் என்று எழுதியிருக்கிறாய். பயம் எனக்கு இருந்தது. உனக்கு இருந்தது சோம்பல். அதற்குப் பாசம் என்று பூச்சூட்டி என்னிடம் கொண்டுவராதே. ‘பார்க்கவில்லை அக்கா, நேரம் இல்லை’ என்று அன்றைக்கே எழுதியிருந்தால், ஒரு நர்ஸிடம் தாளில் எழுதிக் கொடுத்தாவது வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருப்பேன். நீ பார்த்துவிட்டாய் என்பதால்தான் நான் கண்ணை மூடித் தூங்கினேன்.

உன் கடிதத்தை இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். “உங்க தம்பி நம்ம ஊழியர் இல்லையே. அவரை சர்வரைத் தொட விட்டது யாரு?” நான்தான். உத்தரவு வாங்காமல், லீவில் வந்தவனை, நம்ம தம்பிதானே என்று உட்காரவைத்தேன். இருபத்தாறு பேருடைய வேலையை உன் கையில் கொடுத்தேன்.

பூட்டு சாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நேற்று என் மேசையைக் காலி செய்தபோது அவர்தான் பெட்டி தூக்கினார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்காக நீ எழுதியது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தத் தடவையும் நீ கேட்கவில்லை.

அறுவையைத் தள்ளிப்போட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எலும்பு வளர்ச்சி முடிகிற வயதாம். என் ஞாபகத்தைக் கேட்டார். கூடி வந்ததாக நினைக்கிறேன், உறுதி இல்லை என்றேன். “சரி, நடுவாந்தரமா திருப்பி வெச்சிடறேன்” என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

அக்கா

—

ஆகஸ்ட் 12

அக்கா,

அறுவை எப்படி நடந்தது? தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

நான் வரட்டுமா? வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். மறுபடி ஆரம்பிக்கலாம் அக்கா. பலகையும் கேமராவும் வாங்கித் தருகிறேன். பிள்ளைகளை வரவழைக்கிறேன். நகல் எடுப்பதைத் தினமும் என் கையாலேயே செய்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

—

அக்டோபர் 20

தம்பிக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை.

மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிறாய். போன மாதம் பரிசோதனைக்குப் போனேன். கட்டி திரும்ப வந்திருக்கிறது, இந்தத் தடவை நுரையீரலில். இன்னொரு ஒன்பது வருடம் எனக்குக் கிடையாதுடா. ஒன்பது மாதம் இருக்குமா என்றுகூட மருத்துவர் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். இருந்தால் கொடுத்திருப்பேன். தேடிப் பார்த்தேன், இப்போதைக்கு இல்லை. வர வேண்டாம். வந்தால் நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பில்லை.

நேற்று அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே வேலையில் இல்லை என்று சொல்லியும் விலாசம் விசாரித்து, மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். கட்டுப் பிரித்து மூன்று வாரமாம். “மேடம் முன்னாடி நடந்து காட்டு” என்றாள் அம்மா. சமையலறையிலிருந்து வாசல் கதவு வரைக்கும் பத்து எட்டு வைக்கிற தூரம் இருக்கும். நாற்காலியை நகர்த்திவிட்டேன். நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். இடுப்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அது புதிதா, முதலிலிருந்தே இருந்ததா, அறுவையில் குறைந்து இந்த அளவுக்கு வந்ததா, கூடிவிட்டதா? கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆறு தடவை நடக்கவைத்துவிட்டேன். பாவம், பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

அம்மாக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னைக்கு இப்போ தேவலையா மேடம்?” என்றாள்.

தெரியல என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என் குரல் சரியில்லாததால் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று கிட்டே வந்து குனிந்தாள். தெரியலம்மா என்று மறுபடி சொன்னேன். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாலு வயசுலேர்ந்து நீங்கதானே மேடம் பாத்துட்டு வர்றீங்க?” என்றாள் அவள் அம்மா.

அக்கா